டோகமாக் கூடத்தில் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

டோகமாக் என்னும் வளைய வடிவக் கலத்தில், மின்னேற்றத் துகள்களாகப் பிரிந்த சூடான வாயுவான பிளாஸ்மாவைக் காந்தப் புலத்தால் அடைத்துவைக்கும் ஆராய்ச்சியில், இயற்பியலாளர் பெயரோடு வெளியாகும் கட்டுரைகளில் வெப்பநிலையும் அடர்த்தியும் வரிசைகட்டி நிற்கும். அந்த எண்களை நம்பத் தகுந்தவையாக ஆக்கியவர்களுக்கு இந்த மடல்.

முதல் வணக்கம் வெற்றிடப் பிரிவுக்கு. கலத்தின் அழுத்தம் பத்துக் கோடியில் ஒரு பங்கு மில்லிபாரை எட்டுவது உங்கள் பொறுமையால்தான். ஃபிளாஞ்சின் (இணைப்புத் தட்டின்) கூர்விளிம்பு ஒருமுறை பதிந்த செம்புக் கேஸ்கெட்டை (கசிவடைப்பு வளையத்தை) மறுபடி போடக் கூடாது என்பதில் நீங்கள் காட்டிய கண்டிப்பு, போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கிய நிதானம், கையுறை இல்லாமல் எவரையும் உள்ளே தொடவிடாத பிடிவாதம் எல்லாமே பலன் தந்தன. வெளியே ஹீலியம் அடித்து, அது உள்ளே நுழைகிறதா என்று கருவியில் பார்ப்பதே கசிவுச் சோதனை. ஹீலியம் மேலே ஏறும் என்பதால் அதை உச்சியில் தொடங்கிக் கீழே வருவீர்கள். அப்போதுதான் எந்த இணைப்பு கசிகிறது என்று பிரித்துச் சொல்ல முடியும். அதைவிடச் சிரமம், திருகுக் குழியின் அடியில் சிக்கிக்கொண்ட காற்று. வெளியே எவ்வளவு ஹீலியம் அடித்தாலும் கருவி அசையாது, அழுத்தமோ இறங்க மறுக்கும். நடுவே துளையிட்ட திருகுகளைத்தான் உள்ளே போட வேண்டும் என்று வரைபடக் கட்டத்திலேயே நீங்கள் அடம்பிடித்தது எவ்வளவு நல்லதாயிற்று!

லேசர் பிரிவினருக்கும் அதே அளவு கடன். பிளாஸ்மாவின் எலக்ட்ரான்களில் லேசர் ஒளி பட்டுச் சிதறும் தாம்சன் சிதறலில் நமக்குத் திரும்பக் கிடைக்கும் ஒளி, அனுப்பியதில் லட்சம் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. வெப்பநிலை நிறமாலையின் வடிவத்திலிருந்து வருகிறது, அடர்த்தி ஒளியின் மொத்த அளவிலிருந்து வருகிறது. ஆகவே கற்றை சற்றே விலகினாலும், ஜன்னலில் படிவு ஏறினாலும், வெப்பநிலை பெரும்பாலும் சரியாகவே தெரியும். அடர்த்தி மட்டும் சத்தமில்லாமல் குறையும். இந்த ஏமாற்றைப் பிடிக்கக் கலத்தில் நைட்ரஜன் நிரப்பி, அதன் மூலக்கூறுகளில் ஒளி நிறம் மாறிச் சிதறும் ராமன் சிதறலை வைத்து அளவுதிருத்தம் செய்தவர்கள் நீங்கள்.

இந்தத் துறை தலைநிமிர்ந்ததே இப்படி ஓர் உதவியால்தான். மாஸ்கோவின் டி-3 டோகமாக் எட்டியதாகச் சொன்ன வெப்பநிலையைப் பலர் நம்பவில்லை. 1969இல் பிரிட்டனின் கல்ஹாம் ஆய்வகத்திலிருந்து ஒரு குழு, பனிப்போர் நடுவே, தன் லேசர் கருவியோடு போய் அளந்து உறுதிசெய்தது. அடுத்தவர் முடிவைச் சரிபார்க்கச் சுமை தூக்கிப் போனவர்களுக்கு உலகமெங்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

மின்பிரிவினரே, கலத்துக்கு ஒரே இடத்தில்தான் எர்த் என்ற விதியைக் காத்தீர்கள். கேபிள் உறையின் இரு முனையும் எர்த் ஆனால் அது ஒரு வளையமாகிவிடும். காந்தச் சுருளில் மின்னோட்டம் மாறும்போதெல்லாம் அதில் மின்சாரம் பாய்ந்து காந்த உணரியின் சிக்னலைக் கெடுக்கும். பிளாஸ்மா இல்லாமல் ஒவ்வொரு சுருளையும் தனித்தனியாக இயக்கிய அந்தச் சலிப்பூட்டும் ஷாட்டுகளுக்கு (சோதனை ஓட்டங்களுக்கு) தனி நன்றி. உணரியின் சாய்வால் சேரும் பொய்ச் சிக்னலைக் கழிக்க உதவியவை அவைதான்.

குளிரூட்டல், கலத்தின் உட்சுவரில் போரான் பூசப் பயன்படும் நச்சு வாயுவான டைபோரேனைக் கையாண்ட பாதுகாப்புப் பிரிவு, பிளாஸ்மாவின் சமநிலையைக் கணிக்கும் நிரல்களை எழுதியவர்கள் என எல்லோருக்கும் வணக்கம்.

கடைசியாக, கட்டுப்பாட்டு அறையில் இரவுப் பணி பார்த்தவர்களுக்கு. ஷாட் எண்ணுக்கு எதிரே "இன்டக்ரேட்டர் நகர்கிறது, இதை நம்ப வேண்டாம்" (இன்டக்ரேட்டர் என்பது காந்த உணரியின் சிக்னலைத் தொகுக்கும் மின்சுற்று) என்று நீங்கள் எழுதிவைத்த ஒரு வரியால் பல தவறான வரைபடங்கள் அச்சேறவில்லை.

அன்புடன்,
பிளாஸ்மா ஆய்வுக் குழுவினர்