வழக்குப் போட்டவர்களையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954 மே 17 அன்று தந்த தீர்ப்பை நினைவுகூர்ந்து வந்த கட்டுரையைப் படித்தேன். தலைமை நீதிபதி ஏர்ல் வாரன், வழக்காடிய தர்குட் மார்ஷல், ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக நின்றது எல்லாம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் வழக்குப் போட்ட குடும்பங்கள் பட்ட பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

அந்தத் தீர்ப்பு வந்த வழக்கைப் பிரவுன் வழக்கு என்று சொல்கிறோமே தவிர, அது ஒரே வழக்கு இல்லை. கான்சஸ், தென் கரோலினா, வர்ஜீனியா, டெலவேர் என நான்கு மாநில வழக்குகளைச் சேர்த்துத்தான் அந்தத் தீர்ப்பைச் சொன்னார்கள். தென் கரோலினாவின் கிளாரண்டன் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) கறுப்பினப் பெற்றோர் முதலில் கேட்டது, பிள்ளைகள் பள்ளிக்குப் போக ஒரு பஸ், அவ்வளவுதான். அந்த மாநில வழக்கில் முதல் பெயராக இருந்த ஹாரி பிரிக்ஸுக்கு வேலை போனது, அவர் மனைவிக்கும் போனது, அந்த மக்களைத் திரட்டிய பாதிரியார் ஜோசப் டிலேன் வீட்டையும் தேவாலயத்தையும் தீக்குப் பறிகொடுத்து, கடைசியில் மாநிலத்தை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று.

வர்ஜீனியாவின் ஃபார்ம்வில்லில் நடந்தது இன்னும் கொடுமை. 180 பேருக்குக் கட்டிய பள்ளியில் 450 பேருக்கு மேல் படித்தார்கள், இடம் போதாமல் தார்க் காகிதம் போர்த்திய கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. 1951 ஏப்ரலில் 16 வயது பார்பரா ஜான்ஸ் சக மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு வகுப்புப் புறக்கணிப்பில் இறங்கினார். அதிலிருந்து பிறந்த வழக்குதான் உச்ச நீதிமன்றம் வரை போனது.

சரி, ஜெயித்தார்களே, அப்புறம் என்ன ஆயிற்று? பிரிவினையை எப்போது ஒழிக்க வேண்டும் என்று 1955-இல் வந்த இரண்டாவது தீர்ப்பு கெடு எதுவும் வைக்கவில்லை. என்னைக் கேட்டால் பெரிய தவறு அதுதான். ஃபார்ம்வில் இருக்கும் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி, கறுப்பினப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க வைப்பதைவிட மூடிவிடுவதே மேல் என்று 1959-இல் அரசுப் பள்ளிகள் எல்லாவற்றையும் இழுத்து மூடியது! வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி தொடங்கிக்கொண்டார்கள். கறுப்பினப் பிள்ளைகளில் சிலரை வெளியூர் உறவினர் வீடுகளுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள், பலருக்குப் படிப்பே நின்றுபோனது. 1964-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்ட பிறகுதான் அந்தப் பள்ளிகள் திறந்தன. ஐந்து வருடம்! ஆறாம் வகுப்பில் விட்ட பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் போய் உட்கார முடியுமா?

பார்பரா ஜான்ஸ் படித்த அந்தப் பள்ளிக் கட்டடம் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அடுத்த மே மாதமாவது அந்த ஊரைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள்.

— ஒரு வாசகி, திருச்சி