இந்தத் தவணையைப் பற்றியும், மடிக்கணினி வாங்குவதைப் பற்றியும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பள்ளித் தவணை முடிய இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. மழை, காய்ச்சல், பேருந்துத் தொல்லை எல்லாவற்றுக்கும் நடுவே பிள்ளைகளைத் தவறாமல் அனுப்பி வைத்த உங்களுக்கு முதலில் நன்றி. விளையாட்டுப் போட்டி நல்லபடியாக நடந்தது. திருக்குறள் மனனப் போட்டியில் நம் பிள்ளைகள் மாவட்ட அளவில் பரிசு வாங்கினார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்த சில பிள்ளைகள் நன்றாகத் தேறியிருக்கிறார்கள். கூட்டுப்பணியன்று சிற்றுண்டிச்சாலைக்குச் சாயம் அடித்த அப்பாமார்களுக்கும், எல்லாருக்கும் சமைத்துப் போட்ட அம்மாமார்களுக்கும் பள்ளி கடமைப்பட்டிருக்கிறது.

கணினி ஓவியக் கழகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

இந்தக் கழகத்தை இந்த ஆண்டுதான் தொடங்கினோம். நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை உள்ள 22 பிள்ளைகள் வருகிறார்கள். சாயம் அடித்த அதே சுவரில் அவர்கள் வரைந்த படங்களை ஒட்டியிருக்கிறோம், வந்து பாருங்கள். கோலம்தான் அதிகம். கால் பாகம் வரைந்துவிட்டால் மீதியைத் திருப்பித் திருப்பி ஒட்டிவிடலாம் என்பது தெரிந்த நாளில் அவர்கள் போட்ட சத்தம் என் அறை வரை கேட்டது. செம்பனைக் குலை ஏற்றிய லாரி, முனியாண்டி கோயில் திருவிழா, பாட்டி பால்மரம் சீவப் போகும் படம் என்று ஒவ்வொன்றிலும் அவர்கள் வீடு தெரிகிறது. அந்தச் சுவரைப் பார்க்கும்போது எனக்கு நிறைவாக இருக்கிறது.

ஆனால் இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு தந்தை என்னைப் பார்க்க வந்தார். காலை வேலை முடிந்து நேராக வந்திருந்தார். காலணியில் மண் காயவில்லை. புது மடிக்கணினிப் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, "டீச்சர், நீங்க சொன்ன லேப்டாப் இதுதானே?" என்று கேட்டார். நான் எந்த மடிக்கணினியையும் சொல்லவில்லை. பெற்றோர்களின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் சுற்றிய ஒரு விளம்பரத்தை அவர் காட்டினார். 'ஓவியக் கழக மாணவர்களுக்குக் கட்டாயம் தேவை' என்று எழுதியிருந்தது. மாதம் 168 வெள்ளி (ரிங்கிட்), 36 மாதம், முன்பணம் இல்லை.

அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 168ஐ 36ஆல் பெருக்கினால் 6,048 வெள்ளி வருகிறது. ரொக்கமாக வாங்கினால் அதே கடையில் அதன் விலை 3,799. தவணையில் கட்டுவதால் மட்டும் 2,249 வெள்ளி கூடுதலாகப் போகிறது. நம் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,700 வெள்ளிதான். அதாவது ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேலான தொகை வெறும் வட்டியாகப் போகிறது. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "புள்ளைக்குத்தானே டீச்சர்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

கழகப் பொறுப்பாசிரியரை அழைத்து அந்தக் கணினியை எங்கள் முன்னால் திறந்தோம். அது விளையாட்டுக்கென்று செய்த கணினி. கனமாக இருந்தது. மின்னேற்றியே ஒரு செங்கல் அளவுக்கு இருந்தது. அவர் மகள் வரைந்த பொங்கல் வாழ்த்தை அதில் திறந்து பார்த்தோம். பள்ளிக் கணினியில் பளிச்சென்று தெரிந்த குங்குமச் சிவப்பு இதில் வெளிறிப்போய்ச் செங்கல் நிறத்தில் தெரிந்தது. திரையைக் கொஞ்சம் சாய்த்ததும் அதே சிவப்பு இன்னொரு நிறமாக மாறியது. நிறத்தோடு வேலை செய்யப்போகிற பிள்ளைக்கு நிறம் சரியாகத் தெரியாத கணினியை, மூன்று வருடக் கடனில் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

அதனால் படம் வரையவும் வடிவமைப்பு பழகவும் மடிக்கணினி வாங்க நினைப்பவர்கள் முதலில் திரையைப் பாருங்கள். இடைநிலைப்பள்ளியிலும் பொலிடெக்னிக்கிலும் படிக்கும் அண்ணன், அக்காமார்களுக்கு வாங்குவதாக இருந்தாலும் இதே பேச்சுத்தான். ஐபிஎஸ் வகைத் திரையா என்று கேளுங்கள். பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் அதில் நிறம் அவ்வளவாக மாறாது. அடுத்து, எஸ்ஆர்ஜிபி என்கிற பொது நிற வரம்பில் எத்தனை விழுக்காட்டைத் திரை காட்டும் என்று கேளுங்கள். 100க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. விவரத்தாளில் '45% என்டிஎஸ்சி' (நிறத்தை அளக்கும் இன்னோர் அளவுகோல்) என்று போட்டிருந்தால், எவ்வளவு விலை உயர்ந்த கணினியாக இருந்தாலும் அதன் நிறம் வெளிறித்தான் தெரியும். கடைக்காரர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். கேட்கத் தயக்கமாக இருந்தால், பிள்ளை வரைந்த படம் ஒன்றைத் திறன்பேசியில் எடுத்துப் போய் அந்தக் கணினியில் திறந்து காட்டச் சொல்லுங்கள். கண்ணே சொல்லிவிடும்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது ரேம் என்கிற நினைவகம். கணினியில் படம் வரைவது, கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரைவது மாதிரி. வானம் ஒரு தாளில், மரம் ஒரு தாளில், ஆள் ஒரு தாளில் என்று போகும். ஏ3 அளவுச் சுவரொட்டியை அச்சுக்கு ஏற்ற 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) தரத்தில் வரைந்தால், நீளத்தில் 4,961 புள்ளி, அகலத்தில் 3,508 புள்ளி வரும். அப்படி ஒரு தாளுக்கு மட்டும் ஏறக்குறைய 70 மெகாபைட் தேவை. இருபது தாள் அடுக்கினால் ஒன்றரை ஜிகாபைட்டை நெருங்கிவிடும். விண்டோஸ், உலாவி, வரையும் மென்பொருள் எல்லாம் அதற்கு மேல். அதனால் தொடக்கத்துக்கு 8 ஜிபி போதும், வடிவமைப்பைப் படிப்பாகவே எடுக்கப்போகிற பிள்ளைக்கு 16 ஜிபி வேண்டும். சில மெல்லிய கணினிகளில் ரேம் கணினியின் தாய்ப்பலகையோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும், பிறகு கூட்ட முடியாது. அதையும் வாங்கும் முன் கேட்டுவிடுங்கள். சேமிப்புக்கு எஸ்எஸ்டி என்கிற வேகமான சேமிப்பகம் இருக்க வேண்டும். 512 ஜிபி இருந்தால் தாராளம்.

மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். கோர் ஐ5 அல்லது ரைசன் 5 வரிசையில் ஓரளவு புதிய செயலி போதும். தனி கிராஃபிக்ஸ் அட்டையைக் காட்டித்தான் விளையாட்டுக் கணினிகளை அதிக விலைக்கு விற்கிறார்கள். காணொளி தொகுப்பவருக்கும் முப்பரிமாண உருவம் செய்பவருக்கும் அது உதவும். கோலமும் சுவரொட்டியும் வரையும் பிள்ளைக்கு அது இல்லாமலே வேலை நடக்கும்.

பிள்ளைக்கு உண்மையில் தேவைப்படுவது ஒரு பேனா. சுண்டெலியை (மவுஸ்) பிடித்துக்கொண்டு படம் வரைவது சோப்புக்கட்டியால் கையெழுத்துப் போடுவது மாதிரி. வாக்கொம், ஹியூயான், எக்ஸ்பி-பென் என்ற பெயர்களில், திரையில்லாத சிறிய வரைபலகை பேனாவோடு இருநூறு, முன்னூறு வெள்ளிக்குள்ளேயே கிடைக்கிறது. யூஎஸ்பி கம்பியில் மாட்டினால் வீட்டில் இருக்கும் பழைய கணினியிலும் பெரும்பாலும் வேலை செய்யும். பேனாவை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை உணரும் படிகளைப் பெட்டியில் '8,192 அழுத்த நிலைகள்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். 4,096 உள்ளதற்கும் அதற்கும் பிள்ளையின் கைக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை, அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். கையைப் பார்க்காமல் திரையைப் பார்த்து வரையப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை பிள்ளை எரிச்சல்படும், விட்டுவிடுங்கள், பழகிவிடும்.

மென்பொருளுக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. வரைவதற்குக் கிரிட்டா, எழுத்துருவும் சின்னமும் அமைப்பதற்கு இங்க்ஸ்கேப், படம் திருத்துவதற்குக் கிம்ப், மூன்றும் இலவசம். நம் கழகம் இவற்றைத்தான் பயன்படுத்துகிறது. கல்வி அமைச்சு கொடுத்த டெலிமா கற்றல் தளக் கணக்கைக் கொண்டே கன்வா என்ற வடிவமைப்புத் தளத்தின் கல்விப் பதிப்பிலும் பிள்ளைகள் நுழையலாம். ஃபோட்டோஷாப் மாதச் சந்தாவில் கிடைப்பது. அதைக் கடையில் 'சும்மா' போட்டுத் தந்தால் அது திருட்டுப் பிரதி, அதோடு சேர்ந்து என்னென்ன நச்சுநிரல் வீட்டுக்குள் வருமோ தெரியாது. தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பழைய கணினி வாங்குவதில் குறைவு ஒன்றுமில்லை. அலுவலகங்களில் ஓடிய திங்க்பேட், லேட்டிட்யூட் வகைகள் ஈப்போவில் நல்ல விலைக்குக் கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் பாருங்கள். விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஓட, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலி அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். திரையை முழு வெள்ளையாக வைத்துக் கறை, கோடு, மஞ்சள் படிந்த மூலை இருக்கிறதா என்று பாருங்கள். மின்னேற்றியைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் பணம் கொடுங்கள். எதை வாங்கினாலும் ரசீது கேட்டு வாங்குங்கள். வருமான வரி கட்டுவோர் வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 வெள்ளி வரிச்சலுகையில் கணினியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. இந்தப் பள்ளியில் எந்தக் கழகத்துக்கும் மடிக்கணினி கட்டாயம் இல்லை. அப்படி எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. பள்ளியின் பெயரைப் போட்டு விளம்பரம் செய்யப் பள்ளி யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை. அந்த விளம்பரத்தைக் குழுவில் பகிர்ந்தவர் யார் என்று எனக்குத் தெரியும், அவரிடம் நேரில் பேசிவிட்டேன். இனிமேல் பெற்றோர் குழுவில் விற்பனை விளம்பரம் போட்டால் நீக்கப்படும். மறுபடி போடுபவர் குழுவில் இருக்க மாட்டார்.

இன்னொன்று இதைவிட வருத்தமானது. கழகத்தில் நன்றாக வரையும் ஒரு சிறுமி தன் அம்மாவின் திறன்பேசியில், ஐபிஸ்பெயிண்ட் செயலியில், விரலால்தான் வரைகிறாள். கண்ணாடி மூலையில் விரிசல் விட்ட பேசி அது. விரிசலில் விரல் படாமல் படத்தை நகர்த்தி நகர்த்தி வரைவாள். அம்மா தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறார், அவர் வீட்டில் தூங்கும் நேரத்தில்தான் பேசி அவள் கைக்கு வரும். சிற்றுண்டிச்சாலைச் சுவரில் நடுவில் இருக்கும் பெரிய கோலம் அவளுடையது. அந்தப் பிள்ளை இரண்டு வாரம் கழகத்துக்கு வரவில்லை. கேட்டதற்கு, லேப்டாப் இல்லாதவங்க வரக்கூடாதுன்னு சொன்னாங்க என்றாள். சொன்னவர்கள் பிள்ளைகள்தான். ஆனால் அந்தப் பேச்சு எங்கோ பெரியவர்கள் பேசிக் காதில் விழுந்த பேச்சு. வீட்டில் இதைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுங்கள். இது வேண்டுகோள் என்றாலும், இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

சரி, இனி என்ன செய்யலாம் என்று பார்ப்போம். அடுத்த தவணையில் கணினி அறை புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் மாலை நான்கு மணி வரை திறந்திருக்கும், ஓர் ஆசிரியர் உடன் இருப்பார். பெற்றோர் ஆசிரியர் சங்கம் வரைபலகைகள் சில வாங்கி, நூலகப் புத்தகம் போல வாரக் கணக்கில் வீட்டுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் முடிந்ததைக் கொடுக்கலாம், முடியாதவர்கள் கொடுக்க வேண்டாம், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று எங்கும் எழுதி ஒட்ட மாட்டோம். முன்னாள் அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த சுங்கை சிப்புட் இது. 1960இல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டம் துண்டு துண்டாக விற்கப்படுவதைப் பார்த்துப் பயந்திருந்த நம் தாத்தா பாட்டிமார்கள் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுத்துத் தோட்டங்களையே சேர்ந்து வாங்கினார்கள். நாலைந்து வரைபலகை வாங்குவது நமக்கு முடியாத காரியமா?

வாங்கியே ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள் கையெழுத்துப் போடும் முன் விவரத்தாளைப் படமெடுத்துப் பள்ளிக்கு அனுப்புங்கள், அல்லது கொண்டு வாருங்கள். பொறுப்பாசிரியரோ நானோ பார்த்துச் சொல்கிறோம். ஏற்கெனவே 'பள்ளி கேட்டது' என்று நம்பி வாங்கிவிட்டவர்கள் வெட்கப்பட வேண்டாம், வந்து பேசுங்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் மனு கொடுக்கலாம், 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே விசாரிக்கிறார்கள், வழக்கறிஞர் தேவையில்லை. பெட்டியைத் திறந்தாயிற்று, திரும்ப எடுக்க முடியாது என்று கடையில் சொல்லிவிட்டதால், அந்தத் தந்தைக்கு மனு எழுத அலுவலகத்தில் உதவிக்கொண்டிருக்கிறோம். மற்றவர்களுக்கும் உதவுவோம்.

பிள்ளையின் ஆசைக்காகக் கடன் வாங்கவும் துணிந்த உங்கள் மனசை நான் அறிவேன். நானும் தோட்டத்தில் லயத்து வீட்டில் வளர்ந்தவள்தான். என் அப்பா எனக்கு வண்ணப் பென்சில் வாங்கப் பட்டணம் வரை சைக்கிளில் போய் வந்தது இன்றும் நினைவிருக்கிறது. உங்கள் அன்புக்கும், பள்ளிமேல் வைத்திருக்கும் நம்பிக்கைக்கும், இவ்வளவு நீளமான கடிதத்தைப் பொறுமையாகப் படித்ததற்கும் மனமார்ந்த நன்றி.

அந்தச் சிறுமி போன புதன்கிழமை கழகத்துக்குத் திரும்பி வந்துவிட்டாள். வரைபலகைகள் வந்ததும் முதல் வாரம் அவள் வீட்டுக்குத்தான் ஒன்று போகிறது.

அன்புடன்,
தலைமையாசிரியை