ஆய்வு உலையின் சாவி யாரிடம் இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஆய்வு அணு உலை (மின்சாரத்துக்காக அல்லாமல் ஆய்வுக்கும் பயிற்சிக்கும் இயங்கும் உலை) அமையலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் கதிர்வீச்சு, கழிவு, செலவு ஆகியவற்றைப் பற்றியே வாதிடுகிறோம். கதவுக்கும் பூட்டுக்கும் யார் பொறுப்பு என்று கேட்பவர் அரிது. சென்னைக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் பயிற்றுவித்து, பல ஆண்டுகள் ஆய்வகத்தின் இருப்புப் பதிவேட்டையும் கவனித்துக்கொண்டவன் என்ற முறையில் அதைப் பற்றி எழுதுகிறேன்.

நம் நாட்டில் டிராம்பேயிலும் கல்பாக்கத்திலும் உள்ள ஆய்வு உலைகள் அணுசக்தித் துறையின் வேலிக்குள் இருக்கின்றன. கல்பாக்கத்தின் 'காமினி' வெறும் 30 கிலோவாட் திறனுள்ள சிற்றுலைதான் என்றாலும், யாரும் போகிற போக்கில் அதை எட்டிப் பார்த்துவிட முடியாது. அமெரிக்காவிலோ வகுப்பறைகளுக்குப் பக்கத்திலேயே உலைகள் இயங்குகின்றன. 2005ஆம் ஆண்டு ஏபிசி தொலைக்காட்சிக்காக இதழியல் மாணவர்கள் சிலர் அத்தகைய 25 பல்கலைக்கழக உலைகளுக்குச் சென்று வந்தனர். ஆளில்லாத காவல் கூண்டு, பூட்டாத கட்டடக் கதவுகள், உறங்குவதுபோல் தோன்றிய காவலர் ஆகியவற்றைச் சில இடங்களில் கண்டதோடு, வேறு சில இடங்களில் உலை மூழ்கியிருக்கும் நீர்க்குளம் வரை தங்களை அழைத்துச் சென்று சுற்றிக் காட்டினார்கள் என்றும் அவர்கள் தெரிவித்தனர். சுற்றிக் காட்டியதை நான் குறை சொல்லமாட்டேன். மாணவர் பார்க்கத்தானே பல்கலைக்கழகத்தில் உலை வைக்கிறார்கள்? வருபவர் யார் என்பதை முன்கூட்டியே சரிபார்க்காமல் விடுவதுதான் குறை.

கதவு திறந்து கிடந்தால் என்ன ஆகும் என்பதற்குக் காங்கோவின் கின்ஷாசா பல்கலைக்கழக உலை சாட்சி. 1970களில் அங்கிருந்து இரண்டு எரிபொருள் தண்டுகள் காணாமல் போயின. ஒன்று 1998இல் இத்தாலியில் குற்றக் கும்பலிடமிருந்து மீட்கப்பட்டது. மற்றொன்று என்ன ஆயிற்று என்பது இன்றுவரை தெரியவில்லை.

பாதுகாப்பு என்றவுடன் சுவரை உயர்த்து, கேமரா மாட்டு, துப்பாக்கிக் காவலரை நிறுத்து என்கிறோம். இத்துறையில் இருப்பவர்களின் கணக்கு வேறு. அத்துமீறி நுழைபவரைக் கண்டறிந்த நொடியிலிருந்து அவர் எரிபொருளை எட்டுவதற்குப் பிடிக்கும் நேரம், ஆயுதம் தாங்கிய போலீசார் வந்து சேரும் நேரத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். நம் வளாகங்களில் காவலுக்கு நிற்பவர் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனம் அனுப்பிய, கையில் லத்தி மட்டுமே உள்ள முதியவர். அவரிடம் வீரத்தை எதிர்பார்ப்பதைவிட, எச்சரிக்கை மணி நேரே காவல் நிலையத்தில் ஒலிக்கவும், உள்ளே இன்னும் இரண்டு கதவுகள் பூட்டியே இருக்கவும் வழி செய்வது மேல். திருடத் தகுந்த பொருளையே இல்லாமல் செய்வது அதனினும் மேல். பல அமெரிக்கப் பல்கலைக்கழக உலைகள் அணுகுண்டு செய்ய உதவக்கூடிய, செறிவு மிகுந்த யுரேனியத்தைக் கைவிட்டு, 20 விழுக்காட்டுக்கும் குறைவான செறிவுள்ள எரிபொருளுக்கு மாறியது அதனால்தான்.

ஆபத்து வெளியிலிருந்துதான் வரும் என்பதும் இல்லை. 2014 அக்டோபரில் கல்பாக்கத்தில், பாதுகாப்புப் படை வீரர் ஒருவரே சக வீரர்கள் மூவரைச் சுட்டுக் கொன்றதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே உலைக்கூடத்துக்குள் எவரும் தனியே செல்லக் கூடாது, எப்போதும் இருவராகவே செல்ல வேண்டும் என்ற விதி பேராசிரியருக்கும் பொருந்த வேண்டும். துறைத் தலைவர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட அச்சம் தருவது மறதி. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985 முதல் பயன்படுத்தாமல் கிடந்த கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி 2010இல் பழைய சாமானோடு ஏலம் போயிற்று. டெல்லியின் மாயாபுரி பகுதிப் பழைய இரும்புக் கடைகளில் அதைப் பிரித்தபோது ஒருவர் உயிரிழந்தார். மேலும் சிலர் கடுமையான கதிர்வீச்சுப் பாதிப்புக்கு உள்ளாயினர். அந்தக் கருவியை யாரும் வேலி தாண்டி வந்து திருடவில்லை. ஏலம் எடுத்தவர் முறைப்படி வாங்கிச் சென்றார். உள்ளே என்ன இருக்கிறது என்பதை அறிந்தவர்கள் காலப்போக்கில் ஓய்வு பெற்றுப் போயிருந்தார்கள், அவ்வளவுதான்.

நான் பொறுப்பேற்ற ஆய்வகத்திலும் ஒரு பீரோவில், பழைய வருகைப் பதிவேடுகளுக்கு அடியில் ஈயக் குடுவை ஒன்று கிடைத்தது. அதனுள் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள். சோதனைக்குப் பயன்படும் மிகச் சிறிய அளவுதான். ஆனால் சீட்டு மங்கியிருந்தது, பதிவேட்டிலும் அந்த வரி இல்லை. பீரோவின் சாவியோ அலுவலகச் சுவர் ஆணியில் எல்லோர் கைக்கும் எட்டும்படி தொங்கிக்கொண்டிருந்தது.

உலை வருகிறதோ இல்லையோ, காமா கதிர்வீச்சு அறைகளும் கதிரியக்க மூலங்களும் நம் கல்வி நிலையங்களில் இப்போதே இருக்கின்றன. அவற்றுக்குப் பொறுப்பானவர் ஓய்வு பெறும் நாளில், அடுத்து வருபவர் ஒவ்வொன்றையும் நேரில் பார்த்துக் கையொப்பமிட்ட பிறகே ஓய்வு பெறுபவருடைய ஓய்வூதியக் கோப்பு நகர வேண்டும். கழிவுப் பொருள் ஏலப் பட்டியல் எதுவும் கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலரின் ஒப்பம் இல்லாமல் பதிவாளரின் மேசையைத் தாண்டக் கூடாது. இவ்விரண்டையும் தமிழக உயர்கல்வித் துறை ஒரு சுற்றறிக்கையாக வெளியிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர்,
திருவான்மியூர், சென்னை.