அடையாள அட்டை இலக்கம் கேட்ட பிள்ளைக்கு

பூநகரி
2.9.2025

அன்புள்ள பிள்ளைக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இஞ்சை நாங்கள் சுகம், உன்ரை சுகத்துக்கு முறிகண்டிப் பிள்ளையாரை மன்றாடுறம். கொம்மாவின்ரை முழங்கால் நோ இருந்தபடிதான். சிவப்பி கண்டு போட்டிட்டுது, நாம்பன். கிணத்திலை தண்ணி அடியிலை கிடக்கு, சோளகம் இன்னும் ஓயேல்லை. இதைக் கொப்பித் தாளிலை எழுதுறன், பக்கத்து வீட்டுப் பெடியன் ஃபோனிலை படம் பிடிச்சு அனுப்புவான். கோல் எடுத்தால் நான் ரெண்டு சொல்லுச் சொல்லிப்போட்டு ஃபோனைக் கொம்மாட்டைக் குடுத்திடுவன் எண்டு உனக்குத் தெரியுந்தானே.

நீ எங்கை நிக்கிறாய் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும் எண்டு யோசிக்காதை. ஆவணி முதல் கிழமை என்ரை அடையாள அட்டை இலக்கமும், பேரை இங்கிலீசிலை எப்பிடி எழுதுறது எண்டும் கேட்டாய். காணி உறுதி அலுவலாக்கும் எண்டு நினைச்சன். கொம்மாவுக்கும் அப்பிடித்தான் சொன்னன். பிறகுதான் பெடியன் காத்மண்டுவிலை நீ நிக்கிற படத்தைக் கொண்டுவந்து காட்டினவன். பக்கத்திலை ஆளுயரத்துக்குப் பையள். மலை ஏறக் கூட்டிக்கொண்டு போறவை ஒரு படிவம் நிரப்பி வேண்டுவினமாம், ஏதும் எண்டால் ஆருக்கு அறிவிக்கிறது எண்டு. அதுக்குத்தான் என்ரை பேர். சரி, தகப்பன் இருக்கேக்கை வேறை ஆற்றை பேரைப் போடுறது. அந்தப் படிவத்திலை இன்னொரு கேள்வியும் இருக்கிறதாம். அதைப் பிறகு எழுதுறன்.

புழுக்கொடியல் ஒரு பை சூரிச்சுக்குப் போன ஆளிட்டைக் குடுத்துவிட்டனான். கிடைச்சதோ இல்லையோ எண்டு ஒரு சொல் இல்லை. உயரத்திலை பசி செத்துப்போகுமாம், வாய்க்கு ஒண்டும் பிடியாதாம், சூப்பும் நூடில்சுந்தானாம். புழுக்கொடியல் ஒரு துண்டைக் கொடுப்புக்கை வைச்சால் ஒரு மணித்தியாலத்துக்குக் கிடந்து ஊறும். குளிருக்குக் கல்லாகிப் போச்சுதெண்டால் சட்டைக்குள்ளை நெஞ்சோடை வைச்சு எடு. கொம்மா இப்ப பனாட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறா. ஆருக்கு எண்டு கேட்டன். பிள்ளை வந்தால் தின்னும் எண்டா. அவவுக்கு இன்னும் ஒண்டும் சொல்லேல்லை.

போன தையிலை “ஆர்ஜென்டீனாவிலை நல்ல குளிர் அப்பா” எண்டு மட்டும் சொன்னாய். 6961 மீற்றர் மலை ஏறப் போன இடத்திலை நிண்டு சொன்னதெண்டு இப்பதான் விளங்குது. மட்டர்ஹோர்ன் ஏறின படமும் பெடியன் தேடி எடுத்தவன். மறைச்சதிலை கோவந்தான். அது கிடக்க, அந்தப் படத்தை ரெண்டு தரம் பெருப்பிச்சுப் பாத்தனான், நீ கால் வைச்சிருந்த விதத்தைப் பாக்க.

இப்ப மனாஸ்லு. 8163 மீற்றர், உலகத்திலை எட்டாவது உயரம். மனசு எண்ட சொல்லிலை இருந்து வந்த பேராம். எங்கடை பனை அறுபது அடி எண்டு வை. உடம்பு நல்லா இருந்த காலத்திலை நான் 15 மரம், காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா. பெடியன் கணக்குப் பாத்தவன். 15 நாளிலை உன்ரை மலையின்ரை உயரம் வந்திடுதாம். அப்பிடிப் பாத்தால் ஒரு பருவத்துக்கு நான் பத்து மனாஸ்லு ஏறி இறங்கினவன். சிரியாதை. எங்கடை மரத்திலை மூச்சுக்குப் பஞ்சமில்லை. அங்கை உச்சியிலை, இஞ்சை நான் இழுக்கிற மூச்சிலை மூண்டிலை ஒரு பங்கு அளவுதானாம் கிடைக்கிறது. அதுதான் சிலிண்டர் கொண்டு போறது. அதுவும் காலியாகிற சாமான்தானே.

கொஞ்சம் ஏறி, இறங்கி வந்து படுத்து, பிறகு இன்னும் கொஞ்சம் ஏறி, இப்பிடிக் கிழமைக் கணக்கிலை உடம்பைப் பழக்குவினமாம். இது எனக்குப் பிடிச்சுது. அவசரப்படுத்திற ஆக்கள் இல்லை. ஆனால் மூளையிலை நீர் கோத்தால் ஆள் வெறிகாரன் மாதிரித் தள்ளாடும், கதை குழறும், தனக்கு ஒண்டுமில்லை எண்டு நிக்குமாம். இதைக் கேட்ட அண்டைக்கு நான் நித்திரை கொள்ளேல்லை. நாப்பது வருசம் கள்ளு வித்தவன் நான். எனக்கு வெறிச்சிட்டுது எண்டு சொன்ன வெறிகாரன் ஒருத்தனை நான் கண்டதில்லை. அதாலை நீ உன்ரை புத்தியை நம்பாதை. கூட்டிக்கொண்டு போறவன் இறங்கு எண்டால் இறங்கு. உச்சி கைக்கெட்டிற தூரத்திலை தெரிஞ்சாலும் இறங்கு.

எங்கடை நாட்டிலை முதல் எவரெஸ்ட் ஏறின ஜயந்தி குரு உதும்பால எண்ட பிள்ளையோடை 2016 இலை போன ஜோஹான் பீரிஸ், 8400 மீற்றரிலை ஒக்சிசன் சரிவராமல் திரும்பினவர். ரெண்டு வருசத்தாலை, 2018 இலை, போய் ஏறினவர். மலை எங்கையும் போகேல்லை. இன்னொண்டும் கேள்விப்பட்டன். மனாஸ்லுவிலை கனபேர் உண்மையான உச்சிக்குக் கொஞ்சம் கீழை நிண்டு படம் எடுத்திட்டு வந்தவையாம், 2021 இலை ட்ரோன் விட்டு எடுத்த படத்திலை பிடிபட்டதாம். நீ கீழை நிண்டு எடுத்தாலும் எனக்குக் காணும். நான் ஒருத்தருக்கும் சொல்லேன்.

தொழிலிலை விழுந்தவையை எனக்குத் தெரியும், உனக்கும் ரெண்டு பேரைத் தெரியும். ரெண்டு பேரும் இறங்கேக்கைதான் விழுந்தவை. முட்டி நிறைஞ்சு, கை ஓஞ்சு, வீட்டு நினைப்பு வந்த நேரம். ஏறேக்கை இருக்கிற கவனம் இறங்கேக்கை இருக்காது. இறங்கேக்கை ஒவ்வொரு கொழுக்கியையும் தட்டிப் பாத்துக் கொழுவு. மாத்திக் கொழுவேக்கை ஒண்டு எப்பவும் கயித்திலை இருக்கவேணும். நீ இதெல்லாம் படிச்சனி எண்டு தெரியும். எண்டாலும் தட்டிப் பார்.

கூடாரம் எங்கை அடிக்கினம் எண்டும் பார். 2012 புரட்டாதியிலை அதே மலையிலை மூண்டாம் முகாமிலை விடியப்புறம் பனி சரிஞ்சு 11 பேர் செத்தவை. படுக்கையிலை கிடந்தபடி. பங்கர் வெட்டேக்கை நான் இடம் பாத்த மாதிரி நீயும் பார். விசுவமடுவிலை எல்லாரும் வெட்டின இடத்திலை நாங்கள் வெட்டேல்லை, நினைவிருக்கோ? மேலை என்ன நிக்குது, அது விழுந்தால் எங்காலை வரும் எண்டு பார். வழிகாட்டி சொல்லுறதைக் கேள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேளாதை. முன்னுக்கு எழுதினதுக்கு இது மாறாக் கிடக்குத்தான். ரெண்டையும் செய்.

உனக்கு முன்னாலை போய்க் கயிறு கட்டிறவன் ஆர்? அவன்ரை பேர் கேட்டனியோ? பிள்ளையள் எத்தினை பேர்? 2014 சித்திரையிலை எவரெஸ்டிலை ஒரே நாளிலை 16 பேர் செத்தவை, எல்லாரும் கூலிக்குச் சுமந்த நேபாளத்து ஆக்கள். மனாஸ்லுவை 1956 இலை முதல் முதல் ஏறின ரெண்டு பேரிலை ஒருத்தர் இமனிஷி எண்ட யப்பான்காரர், மற்றவர் கியால்சன் நோர்பு எண்ட ஷேர்ப்பா. ரெண்டு பேரையும் சொல்லவேணும். கள்ளு திறம் எண்டு சொன்ன ஆக்கள் கன பேர், மரம் ஏறினவன் ஆர் எண்டு கேட்ட ஆளை நான் காணேல்லை. உன்ரை சிலிண்டரையும் அவன்தான் சுமக்கிறான். படம் எடுத்தால் அவனையும் பக்கத்திலை நிப்பாட்டு.

அடிவாரத்து ஊர்ச்சனம் 1954 இலை யப்பான்காரரை ஏற விடாமல் மறிச்சுத் திருப்பினதாம். அதுக்கு முதல் வருசம் வந்தவை மலையைத் தீட்டாக்கினதாலைதான் பனி சரிஞ்சு தங்கடை ஆக்கள் செத்தவை எண்டு. நான் அந்தச் சனத்தின்ரை பக்கம். எங்கடை அம்மாளாச்சியின்ரை வளவுக்கை கேக்காமல் ஒருத்தன் கூடாரம் அடிச்சால் விடுவமோ? ஏற முதல் பூசை செய்வினமாம். அதுக்கு முன்னுக்கு நில்.

இவ்வளவு எழுதியும் எழுத வந்ததை எழுதேல்லை.

2003, சமாதான காலம். உனக்குப் பதினொரு வயசு. மத்தியானம் நான் திண்ணையிலை கண்ணயர்ந்திட்டன். நீ என்ரை தளநாரைக் காலிலை மாட்டிக்கொண்டு கிணத்தடிப் பனையிலை ஏறியிட்டாய். கொம்மா கத்தின சத்தத்துக்கு எழும்பி ஓடிவந்தால் மூண்டாள் உயரத்திலை நிக்கிறாய். ஆரும் பழக்கினதில்லை. உள்ளங்கால் ரெண்டும் மரத்தைக் கவ்வினபடி, முழங்கால் அகட்டி, நெஞ்சு உரசாமல் ஒரு சாண் விட்டு. அந்தப் பிடி எனக்கு வர ஒரு வருசம் சென்றது. என்ரை நெஞ்சுக் காய் நீ பாத்ததுதானே, அது அந்தப் பிடி வராத வருசத்துக் காய். இறங்கு எண்டன். இறங்கினாய், ஒரு வழுக்கல் இல்லை. நிலத்திலை கால் வைச்ச உடனை அந்தத் தளநாராலையே அடிச்சன். விழுந்து சாகவோ, விழுந்து சாகவோ எண்டு கேட்டுக் கேட்டு. உன்ரை கெண்டைக்காலிலை மூண்டு தழும்பு. கொம்மா ரெண்டு கிழமை எண்ணெய் பூசினவ. நீ அழேல்லை.

பிள்ளை, நீ விழுவாய் எண்டு நான் பயப்பிடேல்லை. அந்தப் பிடியைக் கண்ட சீவல்காரன் பயப்பிடான். நீ மேலை நிக்கேக்கை ஒழுங்கையாலை உங்கடை பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருத்தர் சைக்கிளிலை போனவர். மரத்தைப் பாத்தார், உன்னைப் பாத்தார், பிறகு என்னைப் பாத்துச் சிரிச்சார். இதுகள் வேறை என்னத்தை ஏறும் எண்ட சிரிப்பு. அதுக்குத்தான் அடிச்சன். அவரை அடிக்க ஏலாது, உன்னை அடிச்சன்.

அந்த வருசம் பள்ளிக்கூடப் படிவத்திலை தகப்பன்ரை தொழில் எண்ட இடத்திலை கமம் எண்டு எழுதச் சொன்னதும் நான்தான். எங்களுக்கு ஏது வயல்? மொட்டைக்கறுப்பன் விளைஞ்சது மற்றாக்கள்ரை காணியிலை. நாங்கள் அதின்ரை வரம்பிலை நிண்ட பனையிலை ஏறின ஆக்கள். நீ என்னை ஒருக்கா நிமிந்து பாத்திட்டு எழுதினாய். 22 வருசமா நீயும் அதைக் கதைக்கேல்லை, நானும் கதைக்கேல்லை. ஏன் ஒளிச்சுப் போய் ஏறுறாய் எண்டு உன்னைக் கேக்கத்தான் இந்தத் தாளை எடுத்தனான். ஒளிக்கப் பழக்கினவன் என்னெண்டு கேக்கிறது.

கிணத்தடிப் பனை 2009 க்குப் பிறகு வந்து பாக்கத் தலை இல்லாமல் நிண்டது, நீ கண்டனி. இப்ப அதிலை கிளி இருக்கு.

மற்றக் கேள்வி. ஏதும் நடந்தால் உடம்பை என்ன செய்யிறது எண்டு கேட்டிருப்பினமாம். காணாமல்போன கொண்ணன்ரை படத்தை மடியிலை வைச்சுக்கொண்டு கொம்மா 2017 மாசியிலை இருந்து கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடிக் கொட்டிலிலை எத்தினை நாள் இருந்தவ எண்டு உனக்குத் தெரியும். அதுக்கு மேலை நான் எழுதேல்லை. கொண்டு வாங்கோ எண்டு நீ எழுதியிருந்தால், அந்த உயரத்திலை இருந்து ஒரு ஆளைக் கொண்டுவர நாலைஞ்சு பேர் தங்கடை உயிரைப் பணயம் வைக்கவேணும். அவைக்கும் தாய்மார் இருக்கினம். விட்டிடுங்கோ எண்டு எழுதியிருந்தால், அதைக் கொம்மாவுக்கு ஆர் சொல்லுறது. ராவிலை கிடந்து யோசிச்சுப் பாத்தன், எனக்கெண்டால் அந்தக் கேள்விக்கு மறுமொழி எழுத வராது. நீ எழுதியிருப்பாய். என்னத்தை எழுதினாய் எண்டு எனக்குச் சொல்லவேண்டாம்.

பெடியன் வந்து நிக்கிறான், ரியூசனுக்குப் போகவேணுமாம். கால்விரல் விறைச்சால் உடனை சொல்லு, ரோசம் பாராதை. இறங்கு எண்டால் இறங்கு. கொம்மாவுக்கு நீ இறங்கின பிறகு நானே சொல்லுறன், பேச்சு நான் வேண்டுறன்.

மறந்திடுவன், அந்தப் படிவத்தைத் திருத்த ஏலுமெண்டால் ரெண்டு விசயம். என்ரை தொழில் கேட்டிருந்தால் மரம் சீவுறது எண்டு எழுது, அதுக்கு இங்கிலீசிலை ஏதும் சொல் இருக்கும். மற்றது, அடையாள அட்டை இலக்கத்திலை கடைசி இலக்கம் 3 எண்டு சொன்னனான். கண்ணாடி போடாமல் வாசிச்சது. அது 8.

அன்புடன்,
அப்பா