வாசகர் வட்டம்: 2025ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

பொங்கல் விழா, குடியரசு நாள் கொடியேற்றம், மாணவர் பேச்சுப் போட்டி ஆகியவை வழக்கம்போல் நடந்தேறின.

இவ்வாண்டு நான் முன்வைத்தது, இந்திய வெளியுறவுக் கொள்கை பற்றிய மாதக் கூட்டம். ‘டெல்லி சமாசாரம் திருப்பூருக்கு எதுக்குங்க?’ என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடிய 1955 பாண்டுங் மாநாடு, 1961இல் பெல்கிரேடில் கூடிய அணிசேரா நாடுகள், 1971 சோவியத் உடன்படிக்கை என்று பேசி வந்தோம். பாதி மண்டபம்கூட நிரம்பவில்லை.

ஆகஸ்ட் 27 அன்று நம் பொருள்கள் பலவற்றின் மீதான கூடுதல் வரியை அமெரிக்கா 50 சதவீதமாக்கியது. அதில் பாதி, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக விதித்தது. ஆடை ஏற்றுமதியில் நமக்குப் போட்டியான வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது 20 சதவீதம்தான். உக்ரைன் போருக்கு முன் நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 2 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. பிறகு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. யாரிடம் வாங்குவது என்பதை நாமே முடிவு செய்வோம் என்ற அந்தப் பிடிவாதம் பாண்டுங் காலத்தது. அது சரி என்பதே என் கருத்து.

ஆனால் செப்டம்பர் கூட்டத்தில் பனியன் கம்பெனியில் செக்கிங் (தைத்த துணியைச் சரிபார்க்கும்) வேலை பார்க்கும் உறுப்பினர் ஒருவர் எழுந்தார். ஆடை வாங்கும் பையர் தள்ளுபடி கேட்டதாகக் கம்பெனியில் சொல்லி ஓவர்டைமை நிறுத்திவிட்டார்களாம். ‘எண்ணெய் வாங்குனது யாரோ, கூலி போறது எங்களுக்குங்க’ என்றார். அவருக்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை. சுயேச்சையான கொள்கைக்கு நாடு கொடுக்கும் விலையை ஒரே ஊரின் பவர் டேபிள்கள் (தையல் மெஷின்கள்) சுமப்பது நியாயமில்லை. ஜூலையில் பிரிட்டனுடன் கையெழுத்தான வணிக ஒப்பந்தம் போன்றவை முன்பே வந்திருந்தால் ஒரே சந்தையை இவ்வளவு நம்பியிருக்க வேண்டியதில்லை.

அன்று வாசல்வரை நின்று கேட்டார்கள். அடுத்த மாதமே பழையபடி காலி நாற்காலிகள். வரி தன் தலையில் விழுந்தால்தான் வருவது என்றிருந்தால் வட்டம் எப்படி நடக்கும்? சந்தாவும் அப்படியே. பலர் இரண்டாண்டு பாக்கி. நேரில் கேட்டால் ‘ஆர்டர் இல்லீங்க’ என்கிறார்கள். ஆர்டர் குவிந்த ஆண்டிலும் அவர்கள் கட்டவில்லை.

வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல், முன்னிருப்பிலிருந்து ஈடுகட்டினோம். விவரம் பொருளாளரிடம் உள்ளது. தலைவர், செயற்குழுவினர், மண்டபம் தந்தவர்கள் அனைவருக்கும் நன்றி.

பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட நாடுகளின் பிரிக்ஸ் அமைப்புக்கு 2026இல் இந்தியா தலைமை ஏற்கிறது. டாலரைச் சாராத வணிகம், பிரிக்ஸில் சீனாவோடு நாம் உட்காரும் முறை, இரண்டையும் பேச வேண்டும். பேச ஆள் தயார். மண்டப வாடகைக்கு மார்ச்சுக்குள் முன்பணம் கட்ட வேண்டும். சந்தாப் புத்தகம் இன்று வாசல் மேசையில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்