யுபிஎஸ் இருந்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டர் இருக்கிறது, யுபிஎஸ் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறோம். ஆனால் மின்காந்தத் துடிப்புக்கு, அதாவது கண்ணிமைக்கும் நேரத்தில் பாய்ந்து கம்பிகளில் திடீர் மின்னழுத்தத்தை எழுப்பி எலெக்ட்ரானிக் கருவிகளைக் கெடுக்கும் அலைக்கு, இவை காவலல்ல. யுபிஎஸ்ஸுக்குள் இருப்பதும் எலெக்ட்ரானிக் போர்டுதானே!

1962 ஜூலை 9 அன்று பசிபிக் கடலின் ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே, சுமார் 400 கி.மீ. உயரத்தில் அமெரிக்கா ஓர் அணுகுண்டை வெடித்துச் சோதித்தது. அதிலிருந்து கிளம்பிய துடிப்பால், ஏறத்தாழ 1,400 கி.மீ. தள்ளியிருந்த ஹவாயில் சுமார் 300 தெருவிளக்குகள் அணைந்தன. திருட்டு எச்சரிக்கை மணிகள் தாமாக அலறின. அது வால்வு ரேடியோ காலம். இன்றைய சிப்புகளோ ஓரிரு வோல்ட்டில் இயங்குபவை; இன்னும் எளிதில் கெட்டுவிடும்.

இதற்கு அணுகுண்டுகூட வேண்டாம். வேனில் ஏற்றக்கூடிய உயர்சக்தி நுண்ணலைக் கருவி போதும், பக்கத்துக் கட்டடத்துக் கணினிகளை முடக்க. கேபிள்களும் ஜன்னல் இடைவெளிகளுமே அதற்கு வாசல். மின்னல் தடுப்பான்கள் மைக்ரோ விநாடிக் கணக்கில் எழும் மின்னோட்டத்துக்கு ஆனவை. இதுவோ நானோ விநாடிகளில் உச்சத்துக்கு ஏறிவிடும்.

மருத்துவமனை ஐசியு, துணை மின்நிலையக் கட்டுப்பாட்டு அறை போன்றவற்றுக்கு டெண்டரிலேயே உலோகக் கவசத்தையும், கேபிள் நுழையுமிடத்தில் துடிப்பைத் தடுக்கும் மின் வடிகட்டியையும் கட்டாயமாக்க வேண்டும். கட்டி முடித்தபின் சுவரை உடைத்துச் செய்வதென்றால் செலவு எகிறிவிடும். இத்தகைய பாதுகாப்புக்கான சோதனை முறைகளைச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் ஏற்கெனவே வகுத்துவைத்திருக்கிறது.

– ஓய்வுபெற்ற மின்பொறியாளர், திருச்சி