மெலிந்த உடம்பிலும் கொலஸ்ட்ரோல்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலை ஏறி இறங்கும் உடம்பில் கொழுப்பு எங்கே தங்கப்போகிறது என்ற பேச்சு எங்கள் லயங்களில் இன்னும் அடிபடுகிறது. முப்பது வருடமாகக் கொழுந்து பறிக்கும் என் அண்ணியும் அப்படித்தான் நம்பியிருந்தார். ஒல்லியான உடம்பு, அவரோடு மேட்டில் நடந்தால் எனக்குத்தான் மூச்சு வாங்கும். பிரஷருக்காகக் கிளினிக் போன இடத்தில் இரத்தம் சோதிக்கச் சொன்னார்கள். ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 100 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது எனப்படும் எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரோல் அவருக்கு 186 இருந்தது.

கொலஸ்ட்ரோல் நஞ்சன்று. உயிரணுக்களின் சவ்வுக்கும் சில ஹோர்மோன்களுக்கும் பித்தநீருக்கும் அது தேவை. பெரும்பங்கை ஈரல் முதலிய உறுப்புகளில் உடம்பே உண்டாக்கிக்கொள்கிறது. இரத்தத்தில் எல்.டி.எல். மிகுந்தால் அது நாடிகளின் உட்சுவரில் படிந்து, நோவோ காய்ச்சலோ காட்டாமல் வருடக்கணக்கில் தடித்து, ஒருநாள் அந்தப் படிவு வெடித்து இரத்தம் உறையும்போதுதான் மாரடைப்பாகவோ பாரிசவாதமாகவோ வெளிப்படுகிறது. பரம்பரையாலும், பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின்னரும் இது உயர்வதுண்டு. அதற்கு உடல் பருமன் வேண்டும் என்பதில்லை.

எண்ணெய்ப் போத்தலில் "கொலஸ்ட்ரோல் அற்றது" என்று அச்சிட்டிருப்பது பொய்யில்லை, ஆனால் அதை நம்பித் தாராளமாக ஊற்றுகிறோம். தேங்காயெண்ணெயில் 80 வீதத்துக்கு மேலும் பாம் ஒயிலில் ஏறத்தாழப் பாதியும் நிறைவுற்ற கொழுப்பு. இது மிகும்போது இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்ளும் ஈரலின் வேலை மந்தப்படுகிறது. காலையில் தேங்காய்ப்பூ பிசைந்த மா ரொட்டி, இரவில் முதற்பால் விட்ட கறி, இடையில் பொரித்த வடை என்று போகிறது எங்கள் நாள். தேங்காயை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கே வாய் வராது, பொரித்ததையாவது குறைக்கலாம்.

மூன்று மாதம் குளிசை போட்டதில் அண்ணியின் அளவு 98க்கு இறங்கியது. "சரியாகிவிட்டது" என்று தாமாகவே நிறுத்திவிட்டார். மிச்சக் குளிசைகள் கிளினிக் துண்டோடு பிஸ்கட் டின்னில் கிடந்ததைப் பிறகுதான் பார்த்தேன். ஸ்டேட்டின் வகைக் குளிசை போடும்வரைதான் கொழுப்பை அடக்கி வைக்கும். விட்டால் சில வாரங்களிலேயே பழைய அளவுக்கு ஏறும். அவருக்கும் ஏறியது.

எனது முறைப்பாடு வேறொன்று. முதற்சோதனைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் குடிக்காமல், தேத்தண்ணிகூட இல்லாமல், விடியற்காலை பஸ்ஸுக்கு நின்று, பரிசோதனைக்கூடத்தில் பத்து மணி தாண்டிக் கை நீட்டினார் அண்ணி. அன்றைய பேரும், அதாவது நாட்சம்பளமும், போனது. சாப்பிட்ட பின் குறிப்பாக உயர்வது டிரைகிளிசரைட் என்ற இன்னொரு கொழுப்புத்தான், மொத்தக் கொலஸ்ட்ரோலும் எச்.டி.எல். என்ற நல்ல கொலஸ்ட்ரோலும் பெரிதாக மாறுவதில்லை என்பதால், முதற்கட்டச் சோதனைக்குப் பட்டினி கட்டாயமில்லை என்று பல நாடுகளில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். பின்னேரம் வேலை விட்டு வருகிறவர்களிடம் தோட்ட வைத்தியசாலையிலேயே இரத்தம் எடுத்து நகருக்கு அனுப்ப முடியாதா? முப்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு வருடத்தில் ஒருமுறையாவது இதைச் செய்ய, சுகாதார அதிகாரிகளும் தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் கலந்து பேச வேண்டும். சம்பளப் பேச்சுவார்த்தையில் இதற்கும் ஒரு வரி இடம் கேட்பதில் தவறில்லை.

அண்ணிக்கு அடுத்த சோதனை வரும் மாதம். அன்றைக்கும் ஒரு பேர் போகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
தலவாக்கலை.